பழைய டிஷ்வாஷர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது ரேக்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சக்கரம் வைத்து நகர்த்தும் பழைய டிஷ்வாஷர்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். மோட்டார் சத்தம், அடிக் கசிவு, மூடி ரப்பர், வயரின் நிலை என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்ன கட்டுரையாளர், பாத்திரம் அடுக்கும் ரேக்குக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வரி. துரு தெரிந்தால் எனாமல் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த வரி. அதுவும் தவறு. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும்.

மோட்டார் எரிந்தால் காயில் கட்ட ஆள் இருக்கிறது. பம்ப் சீல் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்தால் அளவு கொடுத்து வேறு சீல் வாங்கலாம். ஹோஸ், கிளாம்ப், வயர் எல்லாம் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ கிடைத்துவிடும். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய மாடலின் ரேக் மட்டும் எங்கே தேடினாலும் கிடைக்காது. கிடைத்தாலும் அது நம் தட்டுக்குச் செய்த ரேக் இல்லை. ஓடாத மோட்டாரோடு நல்ல ரேக் இருக்கும் இயந்திரத்தைத் துணிந்து வாங்கலாம். நன்றாக ஓடும் மோட்டாரோடு இற்றுப்போன ரேக் இருந்தால், அது பழைய இரும்பு விலைக்குக்கூட யோசிக்க வேண்டிய சரக்கு.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்த இயந்திரம் பிறந்ததே ரேக்கிலிருந்துதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், தட்டு, கோப்பை, சாசர் ஒவ்வொன்றின் அளவுக்கும் தனித்தனிக் கம்பி அறைகள் இருந்தன. அவற்றை ஒரு சக்கரத்தில் பொருத்தி, செம்புக் கொப்பரைக்குள் வைத்து, சுடு சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த இயந்திரம் வைக்கப்பட்டது. அவருக்கு முன்பே, 1850-ல், ஜோயல் ஹௌட்டன் என்பவர் கையால் சுற்றும் மர இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அது பாத்திரத்தின் மேல் தண்ணீரை வாரி இறைத்ததோடு சரி. அசையாமல் நிற்கும் தட்டின் மேல் குறி பார்த்துத் தண்ணீர் அடித்தால்தான் அழுக்கு போகும். அந்தத் தட்டை நிறுத்திவைப்பது ரேக்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பெங்களூரில் வீடு காலி செய்கிறவர்களிடமிருந்து ஓசூர் வழியாக இந்தப் பக்கம் வரும் பழைய இயந்திரங்கள் பெரும்பாலும் இரண்டு சாதி. ஒன்று, மேலே மூடியைத் தூக்கிப் பாத்திரம் போடுவது. மற்றது, முன்பக்கக் கதவைக் கீழே சாய்த்து ரேக்கை வெளியே இழுப்பது.

மேல்மூடி இயந்திரங்களில் மிகப் பழையவற்றில் தண்ணீரைப் பீய்ச்சும் பம்ப் கிடையாது. அடியில் நடுவே இம்பெல்லர் என்னும் சின்ன இறக்கைச் சக்கரம் ஒன்று சுற்றும். தேங்கி நிற்கும் தண்ணீரை அது விசிறி மேலேயும் பக்கவாட்டிலும் எறியும். தண்ணீர் புறப்படும் இடம் ஒன்றே ஒன்று என்பதால், தட்டுகள் எல்லாம் நடுவைப் பார்த்து வட்டமாக நிற்கும்படி ரேக்கைச் செய்திருப்பார்கள். இதில் எதிர்ப்புறம் பார்த்துத் தட்டை நிறுத்தினால் முதுகுதான் கழுவப்படும். நடுவில் ஒரு தேக்சாவைக் கவிழ்த்துவிட்டால் சுற்றியுள்ள எதுவும் நனையாது. இயந்திரம் கெட்டுவிட்டதாக நினைத்துக் கடைக்குத் தூக்கிவரும் கேஸ்களில் இது அடிக்கடி வருவது. பழுது ஒன்றும் இருக்காது; நடுவில் இருந்த பாத்திரத்தை எடுத்தாலே சரியாகிவிடும்.

பிந்தைய இயந்திரங்களில் துளை போட்ட சுழல் கை இருக்கும். துளைகள் சற்றுச் சாய்வாக இருப்பதால், வெளியேறும் தண்ணீரின் எதிர்விசையிலேயே கை சுற்றும். அதைச் சுற்ற தனி மோட்டார் இல்லை. ஆகவே ரேக்கின் அடியில் ஒரு கரண்டிக் காம்பு எட்டிப் பார்த்தாலும் கை நின்றுவிடும். நின்றுவிட்ட கையின் துளைக்கு நேர் மேலே இருப்பது மட்டும் பளபளக்கும், மற்றது அப்படியே இருக்கும். கதவை மூடும் முன் விரலால் கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். சில மாடல்களில் கீழ் ரேக்கின் நடுவே ஒரு வட்ட ஓட்டை விட்டிருக்கும். மேல் ரேக்குக்குத் தண்ணீர் போகும் குழாய் அதன் வழியாகத்தான் எழும்பும். வீணாகக் கிடக்கும் இடம் என்று நினைத்து அதன் மேல் பாத்திரம் வைப்பவர்கள் உண்டு. வைத்தால் மேல் ரேக் முழுவதும் பட்டினி.

மேல்மூடி இயந்திரத்தின் பெரிய தொல்லை வேறு. கீழே இருக்கும் தட்டை எடுக்க, மேல் ரேக்கை நிறைப் பாத்திரத்தோடு இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைக்க வேண்டும். வைக்க மேடையில் இடம் வேண்டும். நம் சமையலறைக் கடப்பா மேடையில் அந்த நேரத்தில் என்ன இடம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேல் ரேக் இரண்டு பாதியாக இருந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தூக்கவோ மடக்கவோ முடிந்தால் அந்த மாடல் உத்தமம். ஒரே துண்டாக இருந்தால், வயதானவர்கள் புழங்கும் வீட்டுக்கு வேண்டாம். காலி செய்யும்போது மேல் ரேக்கை முதலில் வெளியே எடுத்தாக வேண்டியிருப்பதால், கவிழ்த்த டவராக்களின் அடிக்குழியில் தேங்கிய தண்ணீர் கீழே காய்ந்த தட்டுகளின் மேல் கொட்டும். தூக்கும் முன் ரேக்கை ஒரு பக்கமாகச் சற்றே சாய்த்து, தண்ணீர் ஓரமாக வடிந்தபின் எடுக்கவும். முன்கதவு இயந்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை. கீழ் ரேக்கை முதலில் காலி செய்துவிடலாம்.

முன்கதவுக்கு வேறொரு சோதனை உண்டு. சுவரோடு பொருத்தாத இயந்திரம் என்பதால், கதவைத் திறந்து இரண்டு ரேக்கையும் இழுத்தால் பாரம் முழுவதும் முன்னால் வந்து குப்புறச் சாயும். அதைத் தடுக்கவே தயாரிப்பாளர்கள் பின்பக்கமோ அடியிலோ இரும்பு அல்லது கான்கிரீட் எடை வைத்திருப்பார்கள். பழுது பார்த்த யாராவது கனமாக இருக்கிறதே என்று அதைக் கழற்றிப் போட்டிருக்கலாம். கடையிலேயே இரண்டு ரேக்கையும் முழுக்க இழுத்து, கீழ் ரேக்கில் ஒரு குக்கரையும் வைத்து, பின்சக்கரம் தரையை விட்டு எழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கட்டுரையில் விடுபட்ட முக்கியமான செய்தி தட்டின் அளவு. 12 பேருக்குப் போதும், 10 பேருக்குப் போதும் என்று எழுதியிருக்கும் கணக்கு நமக்குப் பொருந்தாது. அந்தக் கணக்கு விளிம்பு தாழ்ந்த பீங்கான் தட்டுக்குப் போட்டது: 26 செ.மீ. அகலம், ஏறக்குறைய 2 செ.மீ. உயரம். ரேக்கில் வரிசையாக நிற்கும் கம்பிகளை நாங்கள் பல் என்போம். பழைய ரேக்குகளில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 2.5 செ.மீ. அளவில் இருக்கும். நம் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு 28 முதல் 30 செ.மீ. அகலம், ஓரம் செங்குத்தாக 2.5 முதல் 3 செ.மீ. எழும்பி நிற்கும். பக்கத்துப் பக்கத்துப் பல்லில் இரண்டை நிறுத்தினால் ஒன்றின் விளிம்பு மற்றதன் முதுகில் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாது. ஒரு பல் விட்டு ஒரு பல்லில் வைத்தால், 5 செ.மீ. இடைவெளியில் 3 செ.மீ. ஓரம் போக, 2 செ.மீ. சந்து கிடைக்கும். தண்ணீர் புக அது போதும். அதாவது 12 தட்டு ரேக் என்றால் நமக்கு 6 தட்டு. வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

பல்லின் சாய்வையும் பார்க்க வேண்டும். பீங்கான் தட்டு லேசாக மல்லாந்து சாய்ந்து நின்றால் ஒன்றும் ஆகாது. நம் தட்டு அப்படி நின்றால், கீழ்ப்பக்க விளிம்புக்குள் அழுக்குத் தண்ணீர் பிறைபோல் தேங்கி, காய்ந்து, வெள்ளைக் கோடாக நிற்கும். சுழல் கை இயந்திரத்தில் தட்டைத் திருப்பி, முகம் கொஞ்சம் கீழே பார்க்கும்படி வைத்துவிட்டால் தீர்ந்தது. இம்பெல்லர் இயந்திரத்தில் இப்படித் திருப்ப எல்லா இடத்திலும் முடியாது. அதில் நடுவைப் பார்ப்பதுதான் முக்கியம். கோட்டைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே கடைக்குப் போகும்போது டேப்பை விட, வீட்டுத் தட்டு மூன்று, டம்ளர் நான்கு, ஒரு டவரா, குக்கர் மூடி இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. தட்டை நிறுத்தி, மேல் ரேக்கை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். பழைய மாடல் பலவற்றில் மேல் ரேக்கை உயர்த்த வழி கிடையாது. 30 செ.மீ. தட்டு மேல் ரேக்கிலோ மேல் சுழல் கையிலோ இடித்தால், அந்த இயந்திரத்தில் நீங்கள் டிபன் தட்டு மட்டும்தான் கழுவலாம்.

மேல் ரேக்கில் டம்ளர் வேறு கதை. வரிசைகள் அகலமான கோப்பைக்கும் கண்ணாடிக் கிளாஸுக்கும் செய்தவை. காபி டம்ளர் மெலிந்தது, எடையும் இல்லை. கீழிருந்து தண்ணீர் அடித்தவுடன் புரண்டு மல்லாந்துவிடும். பிறகு சுற்று முடியும் வரை அழுக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு நிற்கும். டம்ளர்களை ஒரு மூலையில் நெருக்கமாகக் கவிழ்த்து, வெளிப்பக்கம் கனமான டவராக்களால் அணை கட்டினால் பெரும்பாலும் புரளாது. அப்படியும் புரண்டால், துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீல் வலைத்துண்டு ஒன்றை (கண் 1 செ.மீ.க்குக் குறையாமல்) டம்ளர்களின் மேல் வைத்து, இரண்டு ஓரத்திலும் கொக்கி போட்டு ரேக்கில் மாட்டிவிடலாம். சொம்பு, கூஜா, வாய் குறுகிய தூக்குப்போசி எதையும் போட வேண்டாம். தண்ணீர் உள்ளே போகாது. போனாலும் திரும்பி வராது.

அடிக்கம்பிகளுக்கு இடையே விழுந்துவிடும் சின்னச் சாமான்களுக்காகச் சிலர் ரேக் முழுவதும் வலை விரித்துவிடுகிறார்கள். வலை தண்ணீரின் வேகத்தைத் தின்றுவிடும். ரேக்கின் கால்பாகத்துக்கு மட்டும் போதும். 1 மி.மீ. ஸ்டீல் கம்பியால் கட்டி, முறுக்கிய முனையை உட்பக்கம் மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கை கிழியும்.

கரண்டிகள்: குழம்புக் கரண்டியையும் ஜல்லிக் கரண்டியையும் ஸ்பூன் கூடையில் நிறுத்தக்கூடாது. நீளம் அதிகம், மேலே நீட்டிக்கொண்டு சுழல் கையைத் தடுக்கும். மேல் ரேக்கில் குப்புறப் படுக்க வையுங்கள். ஸ்பூன்களை ஒரே அறையில் ஒரே பக்கமாகப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று படிந்துகொள்ளும். பாதி தலைகீழாக, பாதி நேராகப் போட வேண்டும். கத்தி முனை கீழே. கூடையின் பிளாஸ்டிக் அடி உடைந்திருக்கிறதா என்று பார்க்கவும். அந்த ஓட்டை வழியாக விழும் ஸ்பூன் சுழல் கையை நிறுத்துவது ஒருபுறம், பிளாஸ்டிக் மூடி ஏதாவது விழுந்தால் அடியில் இருக்கும் வெப்பச் சுருளில் உருகி ஒட்டி வீடே நாறும்.

இட்லித் தட்டைக் காம்பிலிருந்து கழற்றி, தனித்தனியாகப் பல்லுக்கு நடுவே நிறுத்தலாம். அடுக்கோடு அப்படியே வைப்பவர்களுக்கு நடுத் தட்டுகளில் மாவு கெட்டியாகக் காய்ந்து வரும். குக்கரில் கேஸ்கட், வெயிட் இரண்டையும் எடுத்துவிட்டு, வாய் கீழே பார்க்க, ஓரத்தில், ஒரு பக்கம் பல்லின் மேல் ஏறிச் சரிந்து நிற்கும்படி வைக்க வேண்டும். தட்டையாகக் கவிழ்த்தால் தன் கீழ் வரும் தண்ணீர் எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொள்ளும். பழைய ரேக்கில் பற்களை மடக்க முடியாது. வளைத்தால் பூச்சு வெடித்துவிடும். ஆகவே பெரிய குண்டான், அன்னக்கூடை இவற்றுக்கு இடம் தேடி மல்லுக்கட்ட வேண்டாம். கையால் கழுவ இரண்டு நிமிடம். 6 தட்டு வைக்கும் இடத்தை ஒரு குண்டானுக்குக் கொடுப்பது நஷ்டக் கணக்கு.

அலுமினியப் பாத்திரம் எதுவும் ரேக்கில் ஏறக்கூடாது. டிஷ்வாஷர் பவுடர் காரம் மிகுந்தது. அலுமினியத்தை அரித்துக் கறுக்கவைக்கும். கறுத்தது மற்ற பாத்திரங்களிலும் சாம்பல் கோடாக ஏறும். இரும்பு தோசைக்கல், பித்தளை, மண்சட்டி, மரக் கரண்டி, களி கிண்டும் துடுப்பு ஆகியவையும் வெளியே.

களி என்றதும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு விஷயம். கேழ்வரகு களி காய்ந்த தட்டை அப்படியே ரேக்கில் நிறுத்தினால் எந்த இயந்திரமும் தோற்கும். காய்ந்த மாவுப்பசை தட்டோடு தோல்போல் ஒட்டிக்கொள்கிறது. கழன்றுவிழும் கட்டிகளும் சுடு தண்ணீரில் மறுபடி வெந்து, பசையாகி, அடி வடிகட்டியின் மேல் மெழுகிவிடும். வடிகட்டி அடைந்தால் பம்புக்குத் தண்ணீர் குறையும். முதலில் அடிபடுவது மேல் ரேக். தட்டைச் சாப்பிட்ட உடனே பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு, கையால் ஒரு வழி வழித்துவிட்டு வைத்தால் போதும். தாளிப்புக் கடுகும் அப்படியே: பழைய வடிகட்டிகளின் கண் பெரியது, கடுகு தாண்டிப்போய் சுழல் கைத் துளையில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். மாதம் ஒருமுறை கையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே கிலுகிலு என்றால் கடுகுதான். ஒவ்வொரு துளையிலும் வளைத்த கம்பியை விட்டு எடுக்கலாம்.

எந்தத் தட்டுக்குத் தண்ணீர் படவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. அரிசி மாவைத் தண்ணீர் போலக் கரைத்து எல்லாத் தட்டிலும் மெல்லப் பூசி, பத்து நிமிடம் காயவிட்டு, பவுடர் போடாமல் பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். வெள்ளை நிற்கும் இடமெல்லாம் நிழல் விழும் இடம். தட்டை இடம் மாற்றி மறுபடி ஓட்டினால் அந்த இயந்திரத்தின் குணம் பிடிபட்டுவிடும். கடையில் விற்கும் கோலமாவைப் பயன்படுத்திவிடாதீர்கள். அதில் இருப்பது கல் தூள், பம்ப் சீலைத் தேய்த்துவிடும்.

மேல் ரேக் மட்டும் எப்போதும் அழுக்காகவே வருகிறது என்றால், ரேக்கைக் குறை சொல்லும் முன் தண்ணீர் வரத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பழைய மாடல்கள் பல, நேரக் கணக்கில் தண்ணீர் பிடிப்பவை: இத்தனை வினாடி வால்வ் திறந்திருக்கும், பிறகு மூடும். அதற்குக் குழாயில் குறைந்தது 20 பி.எஸ்.ஐ., அதாவது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1.4 கிலோ அழுத்தம் வேண்டும். அது 14 மீட்டர் உயரத் தொட்டிக்குச் சமம். மொட்டை மாடித் தொட்டி நம் சமையலறைக் குழாய்க்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 கிலோ. பாதித் தண்ணீர்கூடச் சேராது, பம்ப் காற்றைக் குடிக்கும், பீய்ச்சல் கீழ்த் தட்டோடு நின்றுவிடும். பிரஷர் பம்ப் போடலாம். இல்லையென்றால் தண்ணீர் பிடித்து முடித்ததும் திறந்து, வெப்பச் சுருள் மூழ்கும் வரை குடத்தால் ஊற்றிவிட்டு மூடினாலும் வேலை நடக்கும்.

அமெரிக்க இயந்திரம் என்றால் மின்சாரமும் அதே ரேக்கைத்தான் பாதிக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். பம்பின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் குறையும் என்பதால், பீய்ச்சலில் 30 சதவீதம் போய்விடும். டைமரும் மெதுவாகி 60 நிமிடச் சுற்று 72 நிமிடம் ஆகும். நம் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர், இயந்திரத்துக்கு உரிய 120 வோல்ட்டையே கொடுத்தால், 50 ஹெர்ட்ஸில் மோட்டார் சூடேறும். 100 வோல்ட் வெளியீடும் 2000 வி.ஏ. திறனும் உள்ளதாக வாங்குவது நல்லது. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டவே கூடாது.

உப்புத் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. இங்கே தண்ணீர் என்றாலே ஃபுளூரைடு நினைவுக்கு வரும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ரேக்கில் வெள்ளையாகப் படிவது ஃபுளூரைடு இல்லை, கால்சியம், மக்னீசிய உப்பு. போர்வெல் தண்ணீரில் ஓட்டினால் பற்களின் அடியிலும் சுழல் கைத் துளையிலும் இது கெட்டியாகும். பழைய நகர்த்தும் மாடல்களில் தண்ணீரை மென்மையாக்கும் உப்பு அறை பெரும்பாலும் இருக்காது. மாதம் ஒருமுறை 100 கிராம் எலுமிச்சை உப்பைப் போட்டு, பாத்திரம் இல்லாமல் சுடு தண்ணீரில் ஒரு சுற்று ஓட்டவும்.

இப்போது துருவுக்கு வருகிறோம். ரேக் என்பது சாதாரண இரும்புக் கம்பி. அதன் மேல் பி.வி.சி. அல்லது நைலான் பூச்சு. முதலில் வெடிப்பது பல்லின் நுனி, பல் அடிக்கம்பியோடு சேரும் வெல்டிங், சக்கரம் மாட்டும் காது. இந்த மூன்று இடத்திலும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பூச்சு உப்பி மெத்தென்று இருந்தால் உள்ளே இரும்பு இற்றுவிட்டது என்று பொருள். உதிரும் துருத்தூள் தட்டில் பழுப்புப் புள்ளி வைப்பதோடு பம்ப் சீலையும் அறுக்கும்.

எனாமல் பெயின்ட் ஏன் கூடாது என்றால், அதன் பிசின் எண்ணெயில் செய்தது. 60 டிகிரிச் சூட்டில் காரப் பவுடர் பட்டால் எண்ணெய் சோப்பாக மாறுவதுபோல் அந்தப் பிசினும் மாறிக் கரைந்துவிடும். சில வாரங்களில் சீவல் சீவலாக உரிந்து துளைகளை அடைக்கும். சைக்கிள் வால்வ் டியூபை வெட்டிப் பல்லில் மாட்டுவதும் இங்கே பழைய வழக்கம். யோசனை நல்லதுதான், ஆனால் ரப்பர் எண்ணெயில் ஊதி, பிசுபிசுத்துவிடும், அவசரத்துக்கு மட்டும். எபாக்ஸி பசை மெல்லிய கம்பியில் பிடித்து நிற்காது.

நிலைத்து நிற்பது, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதாவது சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் குழாய் உறை. எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டு வாங்கலாம். 4 மி.மீ. கம்பிக்கு 6 மி.மீ. ஸ்லீவ், பாதியாகச் சுருங்கும் ரகம். ரேக்கை வெளியே எடுத்து வினிகரில் துடைத்து உப்பை நீக்குங்கள். உப்பிய பூச்சை, ஒட்டியிருக்கும் இடம் வரும்வரை பிளேடால் வெட்டி எடுங்கள். ஓரத்தை விட்டுவைத்தால் அதன் அடியில் துரு மறுபடி ஓடும். 120 நம்பர் எமரித்தாளில் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். ஸ்லீவை நல்ல பூச்சின் மேல் 1 செ.மீ. ஏறும்படியும், நுனியில் அரை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படியும் மாட்டி, ஹீட் கன்னால் சூடாக்க வேண்டும். செல்போன் சர்வீஸ் கடையில் அந்த கன் இருக்கும். தலை காயவைக்கும் டிரையர் சூடு போதாது, மெழுகுவர்த்தி கருக்கிவிடும். சூட்டோடு நுனியைப் பிளையரால் நசுக்கினால் பசை உருகி வாயடைத்துவிடும். பல் அடிக்கம்பியோடு சேரும் மூட்டில் ஸ்லீவ் ஏறாது. ரேக்குக்கென்றே இணையத்தில் விற்கும் வினைல் பூச்சைத்தான் அங்கே மெல்லியதாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின், தடவ வேண்டும்.

பாதிப் பற்கள் போய்விட்டால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. ஓசூர் சிப்காட் பக்கம் ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறைகளில் புதிய ரேக்கே செய்யலாம். பழையதை எவ்வளவு இற்றிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் அளவு. சட்டத்துக்கு 5 மி.மீ., மற்றதுக்கு 4 மி.மீ., இரண்டும் 304 ரகம். கம்பி மீட்டருக்கு முறையே 155 கிராம், 100 கிராம் வரும், 50 செ.மீ. சதுர ரேக்குக்குச் சட்டம் 4 மீட்டர், உள்கம்பியும் பற்களும் 16 மீட்டர், ஆக மொத்தம் இரண்டேகால் கிலோவுக்குள் அடங்கும். விலை குறைந்த 202 ரக ஸ்டீலை 304 என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். காந்தம் இரண்டிலுமே ஒட்டாது என்பதால் காந்தத்தை நம்ப வேண்டாம்; ரகம் பார்க்கும் சொட்டுத் திரவத்தை வைக்கச் சொல்லுங்கள். புதிதாகச் செய்கிறபோது நம் தட்டுக்கே செய்துவிடலாமே: பல் இடைவெளி 5 செ.மீ., உயரம் 9 செ.மீ., சுழல் கைக்கு மேல் 2 செ.மீ. காலி, இருபக்கமும் 1 செ.மீ. விலக்கம், குழாய் ஏறும் நடு ஓட்டை அப்படியே. பல் நுனிகளைக் கிரைண்டரில் உருட்டிவிட வேண்டும். வெல்டிங் கறுப்பைப் பிக்ளிங் பேஸ்ட் (ஸ்டீலைச் சுத்தம் செய்யும் அமிலப் பசை) போட்டு எடுக்காவிட்டால் ஸ்டீலும் அங்கே துருப்பிடிக்கும். புதிய ஸ்டீல் பல்லைப் பழைய இரும்பு ரேக்கில் ஒட்டவைப்பது மட்டும் வேண்டாம். பூச்சு விட்ட இடத்தில் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும்.

கட்டுரையில் வந்த பெயின்ட் யோசனைக்குத் திருத்தம் ஒன்றை வரும் ஞாயிறு இணைப்பிலேயே வெளியிட வேண்டுகிறோம். ஏற்கெனவே அடித்துவிட்டவர்கள் அந்த ரேக்கோடு இயந்திரத்தை ஓட்ட வேண்டாம். ரேக்கை வெளியே எடுத்து, வாளியில் சுடு தண்ணீரும் இரண்டு கரண்டி டிஷ்வாஷர் பவுடரும் கலந்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அதில் ரேக்கை ஓர் இரவு ஊறவையுங்கள். வாளிக்குள் அடங்காவிட்டால் பக்கம் பக்கமாகத் திருப்பி ஊறவைக்கலாம். காலையில் நார் போட்டுத் தேய்த்தால் பெயின்ட் தானே கழன்றுவரும்.

இப்படிக்கு,
வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்ப்போர் சிலர்,
கிருஷ்ணகிரி.